தொங்கு சுவர் எது? பிளவுப் பெயர்ச்சியின் மேற்பாறையை இனங்காணத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

கல்குவாரியிலோ சுரங்கத்திலோ புதிதாக வேலைக்குச் சேர்பவரும், கல்லூரியில் நிலவியலை முதல் ஆண்டு படிக்கும் மாணவரும் வெகு சீக்கிரம் எதிர்கொள்ளும் சொல் ‘ஹேங்கிங் வால்’, அதாவது தொங்கு சுவர். பாறை உடைந்து, உடைந்த தளத்தின் வழியே ஒரு பக்கம் மறுபக்கத்தை ஒப்பிட்டு நகர்ந்திருந்தால் அது பிளவுப் பெயர்ச்சி, ஆங்கிலத்தில் ‘ஃபால்ட்’. சாய்ந்து கிடக்கும் ஒரு பிளவுப் பெயர்ச்சித் தளத்துக்கு மேலே இருக்கும் பாறை தொங்கு சுவர். அதே தளத்துக்குக் கீழே இருக்கும் பாறை அடிச்சுவர், சுரங்க வழக்கில் ‘ஃபுட் வால்’. இலக்கணம் இவ்வளவுதான். ஆனால் குவாரி முகப்பின் முன்னால் நிறுத்தி எது தொங்கு சுவர் என்று கேட்டால், பாடத்தை வரி பிசகாமல் ஒப்பிக்கிறவர்கள்கூடத் தடுமாறுகிறார்கள். பாறை எந்தப் பக்கம் நகர்ந்தது என்பதை அவர்கள் முதலில் தேடுவதே அதற்குக் காரணம். தொங்கு சுவரைத் தீர்மானிப்பது தளத்தின் சாய்வு மட்டுமே. நகர்வு அதற்குப் பிறகு வரும் கேள்வி. இந்த வரிசையை மாற்றாமல் பின்பற்றினால் குழப்பத்தில் பெரும்பகுதி நீங்கிவிடும்.

குப்பம், குடுபல்லி, வி.கோட்டா வட்டாரங்களில், வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்கும் வேலையிடத்தில் ஆங்கிலச் சொற்களுமாக வளரும் இளைஞர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். கோலார் தங்கவயலைத் தாங்கி நிற்கும் பழமையான பாறைப் பட்டை கர்நாடக எல்லையோடு நின்றுவிடுவதில்லை. அது தெற்கே நீண்டு சித்தூர் மாவட்டத்துக்குள் வருகிறது. சிகர்குண்டாவிலும் பிசாநத்தத்திலும் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் தங்கம் எடுத்தது அதன் தென்பகுதியில்தான். பங்காரப்பேட்டையில் ரயில் மாறி மாரிக்குப்பம் சென்று தங்கவயலில் உழைத்த தமிழர்களுக்கு ஹேங்கிங் வால் என்பது தேர்வுக்குப் படித்த சொல்லாக இருக்கவில்லை. ஒவ்வொரு ஷிப்டிலும் அண்ணாந்து பார்த்துச் சோதிக்க வேண்டிய கூரையாக இருந்தது. சாய்ந்த தாதுப்படுகையை வெட்டி எடுத்த இடைவெளியில் நிற்கும் தொழிலாளியின் காலுக்கடியில் ஒரு பாறை, தலைக்கு மேல் விளக்கைத் தொங்கவிடும் ஒரு பாறை என்ற அந்த நிலையிலிருந்தே இரண்டு பெயர்களும் பிறந்தன.

முதலில், அது பெயர்ச்சிதானா?

பாறையில் தெரியும் ஒவ்வொரு விரிசலும் பிளவுப் பெயர்ச்சி ஆகாது. கிரானைட் குவாரிகளில் நாம் காணும் நேர்த்தியான நீள விரிசல்களில் பெரும்பாலானவை வெறும் இணைப்புப் பிளவுகள். அவற்றின் இரு பக்கப் பாறையும் ஒன்றுக்கொன்று பக்கவாட்டிலோ மேல்கீழாகவோ நகர்ந்திருக்காது. பெயர்ச்சி என்று சொல்ல வேண்டுமானால் நகர்ந்ததற்குச் சான்று வேண்டும். விரிசலைக் குறுக்கே கடக்கும் ஏதேனும் ஓர் அடையாளத்தைத் தேடுங்கள்: வெங்கச்சங்கல் எனப்படும் குவார்ட்ஸ் நாளம், நைஸ் பாறையின் வரிப்பட்டை, அல்லது இந்த வட்டாரத்தில் கறுப்புக் கிரானைட் என்ற பெயரில் வெட்டி விற்கப்படும் டோலரைட் டைக், அதாவது பழைய பாறையை ஊடுருவிச் சுவர்போல் நிற்கும் கரும்பாறை. விரிசலின் ஒரு பக்கம் வந்து முடியும் நாளம் மறுபக்கத்தில் அதே நேர்கோட்டில் தொடராமல், சற்று மேலேயோ கீழேயோ விலகித் தொடங்கினால் அங்கே பெயர்ச்சி இருக்கக்கூடும். இதில் ஒரு முன்னெச்சரிக்கை தேவை. ஒரே நிறமுள்ள இரண்டு நாளங்கள் ஒரே நாளத்தின் துண்டுகளாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தடிமனும் மணிகளின் அளவும் ஓர இயல்பும் பொருந்துகின்றனவா என்று பார்த்த பிறகே இணைக்க வேண்டும்.

வேறு சில தடயங்களும் உதவும். பெயர்ச்சித் தளத்தில் பாறையோடு பாறை உரசியதால் பளபளப்பும் இணைகோடுகளும் தோன்றியிருக்கலாம். தளத்தை ஒட்டி நொறுங்கிய கல்துண்டுகள் ஒட்டிக் கிடக்கலாம். அரைபட்டுக் களிமண்ணாகிப்போன மெல்லிய பட்டை ஒன்று, விரலால் தொட்டால் வழுக்கும் அளவுக்கு மென்மையாக இருக்கலாம்.

அடுத்து, சாய்வைப் படியுங்கள்

பெயர்ச்சித் தளத்தில் ஓர் அகலமான பகுதி வெளியே தெரிந்தால் உங்கள் வேலை எளிது. தண்ணீர்ப் போத்தலிலிருந்து கொஞ்சம் தண்ணீரை அதன்மேல் ஊற்றுங்கள். தண்ணீர் ஓடி இறங்கும் திசையே சாய்வுத் திசை. அதற்குச் செங்குத்தாக, தளத்தின்மீது கிடைமட்டமாக வரையப்படும் கோடு நீட்சித் திசை. சாய்வை அளக்கும் கருவியான கிளைனோமீட்டரை அந்தத் தண்ணீர்த் தடத்தின்மேல் வைத்தால் சாய்வுக் கோணம் கிடைக்கும். கைப்பேசியில் உள்ள கோணமானிச் செயலியையும் பயன்படுத்தலாம். ஆனால் திசைகாட்டியை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. டோலரைட்டில் உள்ள மேக்னடைட் என்ற காந்தக் கனிமம் காந்த முள்ளைத் திருப்பிவிடக்கூடும். பக்கத்தில் நிற்கும் பொக்லைனும் கம்ப்ரசரும் அதையே செய்யும். பாறையிலிருந்து சில அடி விலகி நின்று மறுபடியும் ஒருமுறை திசையைச் சரிபாருங்கள்.

தளம் வெளியே தெரியாமல், வெட்டிய முகப்பில் ஒரு சாய்ந்த கோடாக மட்டுமே தெரியும் இடங்களில்தான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். குவாரி முகப்பு நீட்சித் திசைக்குச் செங்குத்தாக வெட்டப்பட்டிருந்தால் மட்டுமே அந்தக் கோடு உண்மையான கோணத்தைக் காட்டும். 60 பாகை சாய்ந்த ஒரு தளத்தை, அதன் நீட்சிக்கு 30 பாகை கோணத்தில் வெட்டிய முகப்பில் பார்த்தால் ஏறத்தாழ 41 பாகையாகவே தெரியும். நீட்சிக்கு இணையான முகப்பிலோ அது கிடைமட்டக் கோடாகவே தோன்றும். ஆறுதலான செய்தி ஒன்று உண்டு. முகப்பு நீட்சிக்கு இணையாக இல்லாத வரையில் கோணத்தின் அளவு ஏமாற்றினாலும் பக்கம் ஏமாற்றாது. கோடு முகப்பில் வலப்புறமாக இறங்கினால் தொங்கு சுவர் வலப்புறம்தான். ஒரு முகப்போடு நிறுத்திக்கொள்ளாமல், வேறு கோணத்தில் வெட்டப்பட்ட மற்றொரு முகப்பையும் பார்த்துவிட்டுக் கோணத்தைப் பதிவு செய்வதே நல்ல பழக்கம்.

பக்கத்தைத் தீர்மானிக்கும் சோதனை

நம் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த போர்வெல்லை வைத்து இதைச் சிந்திப்பது எளிது. நிலத்தின்மேல் பெயர்ச்சிக் கோடு ஒன்று செல்வதாகக் கொள்ளுங்கள். அந்தக் கோட்டின் ஒரு பக்கத்தில் நேர்கீழாகத் துளையிட்டால் துளை சற்று ஆழத்தில் பெயர்ச்சித் தளத்தைச் சந்தித்து மறுபக்கப் பாறைக்குள் நுழையும். மறுபக்கத்தில் துளையிட்டால் எவ்வளவு ஆழம் போனாலும் அந்தத் தளத்தைச் சந்திக்காது. சந்திக்கிற பக்கம் தொங்கு சுவர். சந்திக்காத பக்கம் அடிச்சுவர். வேறு விதமாகச் சொன்னால், தளம் எந்தத் திசையில் சாய்கிறதோ அந்தத் திசையில் தொங்கு சுவர் இருக்கிறது. வரைபடத்திலும் இதே விதிதான். பெயர்ச்சிக் கோட்டின்மீது சாய்வைக் காட்டும் சிறு குறி எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறதோ அந்தப் பக்கத்துப் பாறை தொங்கு சுவர்.

எத்தனை அடியில் தளம் வரும் என்பதையும் கணக்கிடலாம். சமதரையில், கோட்டிலிருந்து சாய்வுத் திசையில் 30 அடி தள்ளித் துளையிட்டால், 45 பாகைச் சாய்வுக்கு 30 அடியிலும், 60 பாகைக்கு ஏறத்தாழ 52 அடியிலும், 75 பாகைக்கு ஏறத்தாழ 112 அடியிலும் தளம் எதிர்ப்படும். கடினப் பாறைப் பகுதியில் நிலத்தடி நீர் பெரும்பாலும் விரிசல்களிலும் நொறுங்கிய பட்டைகளிலும் தங்குவதால், அத்தகைய பட்டையைத் தேடித் துளையிடுவோர் கோட்டின்மேல் நேராக நிற்பதைவிடத் தொங்கு சுவர்ப் பக்கம் கணக்கிட்டு விலகி நின்றால், மேலே வற்றிக் கிடக்கும் பட்டையை ஆழத்தில் சந்திக்க முடியும். அரைபட்ட களிமண் நிறைந்த பெயர்ச்சிகள் தண்ணீரைக் கடத்துவதற்குப் பதிலாகத் தடுத்துவிடும் என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

கையால் செய்து பார்க்க விரும்புவோர் ஒரு நீளமான துணிசோப்புக் கட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முன்பக்கத்தில் ஆணியால் மூன்று கிடைக்கோடுகளைக் கீறிவிட்டு, மேல் இடது மூலைப் பக்கத்திலிருந்து கீழ் வலது பக்கமாகச் சாய்வாகக் கத்தியை இறக்கி இரண்டாக வெட்டுங்கள். வெட்டு வலப்புறம் சாய்கிறது. எனவே வலது துண்டு தொங்கு சுவர். அதன் அடிப்பகுதி கூர்மையாகக் குறைந்து, இடது துண்டின்மேல் சாய்ந்து படுத்திருப்பதைக் கவனியுங்கள். இப்போது வலது துண்டை வெட்டின் வழியே சற்றுக் கீழே சறுக்குங்கள், பிறகு மேலே தள்ளுங்கள். கீறிய கோடுகள் மாறி மாறி விலகும். ஆனால் எந்த நிலையிலும் வலது துண்டே மேலே சாய்ந்திருக்கிறது. அதன் பெயர் மாறவே இல்லை. இடது துண்டை நகர்த்தி வலது துண்டை அசையாமல் வைத்தாலும் அப்படியே.

பெயர்ச்சியின் வகை

பெயர்களை வைத்துவிட்ட பிறகே நகர்வைக் கேட்க வேண்டும். அடிச்சுவரை ஒப்பிட்டுத் தொங்கு சுவர் கீழே இறங்கியிருந்தால் அது இயல்புப் பெயர்ச்சி. நிலம் இழுபட்டு விரியும் இடங்களில் இது தோன்றும். தொங்கு சுவர் மேலே ஏறியிருந்தால் எதிர்ப் பெயர்ச்சி. நிலம் நெருக்கப்படும் இடங்களுக்கு உரியது. எதிர்ப் பெயர்ச்சியின் தளம் தாழ்ந்த கோணத்தில் கிடந்தால் உந்து பெயர்ச்சி என்பார்கள். இரண்டு பாளங்களும் பக்கவாட்டில் மட்டும் நகர்ந்திருந்தால் மேல்கீழ் என்ற பேச்சுக்கே இடமில்லை. ‘ஒப்பிட்டு’ என்ற சொல்லைத் தவற விடக் கூடாது. உண்மையில் எந்தப் பாளம் அசைந்தது, எது அசையாமல் நின்றது என்பதைப் பாறை முகப்பு சொல்வதில்லை. ஒன்றைப் பார்க்க மற்றொன்று எங்கே இருக்கிறது என்பதை மட்டுமே அது சொல்கிறது.

பளபளப்பான தளத்தில் கையை வைத்துத் தடவிப் பார்க்கும் பழைய முறை ஒன்று உண்டு. ஒரு திசையில் கை வழுக்கிச் செல்லும், எதிர்த் திசையில் சிறு படிகள் தடுக்கும். கை வழுக்கும் திசையிலேயே இப்போது அங்கு இல்லாத பாளம் நகர்ந்தது என்று கொள்வார்கள். இது பல இடங்களில் பொருந்தினாலும் எல்லாப் படிகளும் ஒரே விதமாக உருவாவதில்லை. ஆகவே விலகிய நாளம் போன்ற வேறொரு சான்று துணைக்கு இல்லாமல் இதை மட்டும் வைத்து முடிவெழுத வேண்டாம்.

2004 டிசம்பர் 26 அன்று நம் கடற்கரையைத் தாக்கிய சுனாமிக்கும் இந்தச் சொல்லுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. சுமத்ராவிலிருந்து அந்தமான் வரை ஏறத்தாழ 1,300 கி.மீ. நீளத்துக்குக் கிழித்துக்கொண்டு சென்ற அந்தப் பெயர்ச்சித் தளம் கிழக்குப் பக்கமாகச் சாய்கிறது. ஆகவே கிழக்கே மேலே படிந்திருந்த பாளமே தொங்கு சுவர். தளம் கடலடியில் வெளிப்படும் ஆழமான அகழிக்கு அருகே அதன் விளிம்பு சட்டென உயர்ந்தபோது மேலிருந்த கடலையும் தூக்கிவிட்டது. அதே தொங்கு சுவரின் பின்பகுதியில் நிலம் தாழ்ந்தது. கிரேட் நிக்கோபாரின் இந்திரா முனை கடலுக்குள் இறங்கியது அதனால்தான். எதிர்ப் பெயர்ச்சியில் தொங்கு சுவர் ஏறும் என்பது தளத்தின் வழியே நடக்கும் நகர்வைப் பற்றிய கூற்று. தொங்கு சுவரின் ஒவ்வோர் இடமும் உயரும் என்று அதற்குப் பொருள் கொள்ளக் கூடாது.

சுரங்கத்துக்குள் இந்தச் சொல்

சுரங்க வேலையில் ஹேங்கிங் வால் என்ற சொல்லுக்குப் பிளவுப் பெயர்ச்சி இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. சாய்ந்து கிடக்கும் எந்தத் தாதுப்படுகைக்கும் மேற்பக்கப் பாறை ஹேங்கிங் வால், கீழ்ப்பக்கப் பாறை ஃபுட் வால். கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் என்ற தங்கத் தாதுப்படுகை வடக்குத் தெற்காக நீண்டு மேற்கு நோக்கிச் சாய்கிறது. எனவே மேற்கே இருப்பது ஹேங்கிங் வால், கிழக்கே இருப்பது ஃபுட் வால். ஆழம் செல்லச் செல்ல அது ஏறத்தாழ செங்குத்தாக நிமிர்ந்துவிடுகிறது. அங்கே கண்ணால் மட்டும் பார்த்து மேல்பக்கம் எது, கீழ்ப்பக்கம் எது என்று பிரிப்பது கடினமாகிவிடும்.

தாதுவை எடுத்துவிட்ட வெற்றிடத்தை ஸ்டோப் என்பார்கள். ஸ்டோப்புக்கு மேலே தாங்குதல் இல்லாமல் நிற்பது ஹேங்கிங் வால்தான். அது தளர்ந்து விழுந்தால் உயிருக்கு ஆபத்து. விழுந்த வெறுங்கல் தாதுவோடு கலந்து தரத்தையும் குறைத்துவிடும். நீண்ட காலம் பயன்பட வேண்டிய ஷாஃப்ட்டுகளை, அதாவது சுரங்கத்துக்குள் இறங்கும் கிணறு போன்ற வழிகளை, கூடுமானவரை ஃபுட் வால் பக்கம் அமைப்பது ஏன் என்பதும் இதிலிருந்தே விளங்கும். ஃபுட் வால் கீழிருந்து தாங்கும் பாறை. ஹேங்கிங் வாலோ கீழே இருந்த தாதுவை இழந்து இறங்கத் துடிக்கும் பாறை. தங்கவயலில் செதுக்கிய கிரானைட் கற்களை அடுக்கி, ஸ்டோப்புகளின் இரு சுவர்களுக்கும் இடையில் முட்டுக் கட்டினார்கள். ஏறத்தாழ 3.2 கி.மீ. ஆழம் வரை போன அந்தச் சுரங்கங்களில் பாறையின் அழுத்தம் அப்படிப்பட்டது. பாறை திடீரென வெடித்துச் சிதறும் ‘ராக் பர்ஸ்ட்’ விபத்துகள் அங்கே அடிக்கடி நேர்ந்தன. மைசூர் நார்த் ஃபால்ட் என்ற பெயர்ச்சியின் அருகிலிருந்த பகுதிகள் இதற்குப் பேர்போனவை. பாறை இயக்கவியலுக்கான தேசிய நிறுவனம் 1988-இல் தங்கவயலில் தொடங்கப்பட்டதற்கு இந்த அனுபவமே பின்னணி. சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன.

சுரங்கப் பாதையில், அதாவது டிரைவில், தாதுவைத் தொடர்ந்து முன்னேறும்போது திடீரென ஒரு பெயர்ச்சி வந்து தாது காணாமற்போகும் நிலையைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். இந்தச் சொல்லை அறிந்திருப்பதன் பயன் இங்கேதான் முழுமையாகத் தெரிகிறது. முதலில் நீங்கள் எந்தப் பாளத்தில் நிற்கிறீர்கள் என்று கண்டுபிடியுங்கள். பெயர்ச்சித் தளம் எதிர்முகப்பில் முதலில் தரையோரத்தில் தோன்றி, வேலை முன்னேற முன்னேற மேலே ஏறினால், தளம் உங்களை நோக்கிச் சாய்கிறது; நீங்கள் தொங்கு சுவரில் நிற்கிறீர்கள். முதலில் கூரையில் தோன்றிப் பின்னர் கீழே இறங்கினால் நீங்கள் அடிச்சுவரில் நிற்கிறீர்கள். அடுத்து வகையைப் பாருங்கள். இயல்புப் பெயர்ச்சியாக இருந்து நீங்கள் தொங்கு சுவரில் நின்றால், உங்கள் பாளம் இறங்கியிருக்கிறது. ஆகவே தாதுவின் தொடர்ச்சியைத் தளத்தைக் கடந்து மேலே தேட வேண்டும். அடிச்சுவரில் நின்றால் கீழே தேட வேண்டும். எதிர்ப் பெயர்ச்சியானால் இரண்டும் தலைகீழ். நகர்வில் பக்கவாட்டுக் கூறு கலந்திருந்தால் இந்த விதி மட்டும் போதாது. தளத்தின் உரசல் கோடுகள் எந்தக் கோணத்தில் ஓடுகின்றன என்பதையும் அளந்து சேர்க்க வேண்டும்.

நேர்கீழாகத் துளையிட்டு எடுக்கும் பாறைத் தண்டுகளிலும் இதே தர்க்கம் வேலை செய்கிறது. அதிகம் சாய்வில்லாத படுகைகளில், இயல்புப் பெயர்ச்சியைக் கடக்கும் துளையில் சில அடுக்குகள் விடுபட்டிருக்கும். எதிர்ப் பெயர்ச்சியைக் கடக்கும் துளையில் சில அடுக்குகள் இரண்டு முறை வரும்.

ஒரு பாளத்துக்கு ஒரே பெயர் நிலையாக இருக்கும் என்று எண்ணுவதும் தவறு. அடுத்தடுத்து இணையாக இரண்டு பெயர்ச்சிகள் ஒரே திசையில் சாய்ந்தால், நடுவிலுள்ள பாளம் ஒன்றுக்குத் தொங்கு சுவராகவும் மற்றொன்றுக்கு அடிச்சுவராகவும் இருக்கும். எந்தப் பெயர்ச்சியைக் குறித்துப் பேசுகிறோம் என்பதைச் சொல்லாமல் ‘இது தொங்கு சுவர்’ என்று எழுதுவதில் பொருளில்லை. உயரமான குன்று எந்தப் பக்கம் இருக்கிறது என்பதும் உதவாது. இந்த வட்டாரத்தின் பாறைகள் கோடிக்கணக்கான ஆண்டுகள் அரிக்கப்பட்டவை, இன்றைய மேடுபள்ளத்துக்கும் அன்றைய நகர்வுக்கும் தொடர்பு இருக்க வேண்டிய கட்டாயமில்லை. தளம் முற்றிலும் செங்குத்தாக இருந்தால் தொங்கு சுவரும் கிடையாது, அடிச்சுவரும் கிடையாது. அங்கே கிழக்குப் பாளம், மேற்குப் பாளம் என்று திசையால் மட்டும் குறியுங்கள்.

முகப்பை நெருங்குவதற்கு முன்

எந்த முகப்பிலும் தொங்கு சுவருக்கு நேர்கீழே நின்று அளக்காதீர்கள். தலைக்கவசம் அணிந்து, மேற்பார்வையாளரின் அனுமதி பெற்று, பக்கவாட்டிலிருந்து அணுகுங்கள். அனுபவமுள்ள தொழிலாளர்கள் கடப்பாரையால் பாறையைத் தட்டிக் கேட்பதைக் கவனித்துக் கற்றுக்கொள்ளுங்கள். உறுதியான பாறை கணீரென ஒலிக்கும். உள்ளே பிரிந்திருக்கும் பாறை பொத்தென அடங்கிய ஒலி எழுப்பும். களிமண் பட்டையோடு கூடிய தொங்கு சுவர் மழைக்குப் பிறகு மேலும் வழுக்கும் என்பதால், மழை பெய்த மறுநாள் அளவெடுப்பைத் தள்ளிப்போடுவதில் நட்டமில்லை. மூடப்பட்ட சுரங்கங்களுக்குள் பாறை பார்க்கவோ வேறு எதற்குமோ நுழையவே கூடாது. அங்கே முட்டுகள் உளுத்திருக்கும், காற்றோட்டம் இருக்காது, நீர் தேங்கியிருக்கும். பார்க்க வேண்டிய எல்லாவற்றையும் திறந்த குவாரியிலும் சாலைக்காக வெட்டிய பாறைச் சரிவிலும் பார்த்துக்கொள்ளலாம்.

குறிப்பேட்டில், பார்த்த வரிசையிலேயே எழுதுங்கள்: முதலில் சாய்வுத் திசையும் கோணமும், பிறகு இரு பக்கப் பாறைகள், அதன் பிறகே நகர்வும் அதற்கான சான்றும். சான்று கிடைக்காவிட்டால் வகைக்கான இடத்தை வெறுமையாக விட்டுவிடுங்கள். தொங்கு சுவரை எழுத அது தடையில்லை. பக்கத்தில் ஒரு குறுக்குவெட்டுப் படம் வரைந்து, அதன் இரு ஓரங்களிலும் திசையைக் குறியுங்கள். ஒரு மாதிரிப் பதிவு இப்படி இருக்கலாம்: ‘தளம் மேற்கே 55 பாகைச் சாய்வு, இரண்டு முகப்புகளில் சரிபார்த்தது. தொங்கு சுவர் மேற்கில், சாம்பல் நிற நைஸ். அடிச்சுவர் கிழக்கில், அதே நைஸ். வெங்கச்சங்கல் நாளம் தொங்கு சுவரில் 40 செ.மீ. தாழ்ந்துள்ளது, நாளத்தின் தடிமன் இரு பக்கமும் பொருந்துகிறது. உரசல் கோடுகள் சாய்வுத் திசையிலேயே இறங்குகின்றன. இயல்புப் பெயர்ச்சி.’